ட்ரவுட் கொத்தவில்லையா, விட்ட குஞ்சு சாகிறதா? அறிகுறி பார்த்துச் சரி செய்யும் வழி

மார்ச் பிறந்து நுவரெலியாவில் சீசன் கடைகளுக்குக் கம்பு நடத் தொடங்கினால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, ஓடையில மீன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, ஒண்ணுகூட கொத்த மாட்டேங்குது." "அண்ணே, நேத்து விட்ட குஞ்சு காலையில வயித்தக் காட்டிக்கிட்டு மிதக்குது." ஆள் மாறுவார், தோட்டம் மாறும், கேள்வி மட்டும் மாறாது. கேட்பவர் அதற்குள் புது ஸ்பின்னர் (தண்ணீரில் சுழலும் தகட்டு இரை) வாங்கியிருப்பார், அல்லது குஞ்சு கொடுத்தவரைத் திட்டி முடித்திருப்பார். தண்ணீரில் கையை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கையில் ஒரு வெப்பமானி (மீன் தொட்டிக் கடையில் விற்கும் கண்ணாடிக் குழாய் போதும்), வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பை, 20 லீற்றர் வாளி, ஒரு கிலோ கல் உப்பு இருக்கட்டும்.

## தொடங்கும் முன்

உயரத்தைப் பாருங்கள். ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நன்றாகத் தின்னும். 20ஐத் தாண்டினால் வாயை மூடிக்கொள்ளும். 25ஐ நெருங்கினால் உயிர் தங்காது. அந்தக் குளிர் நம் நாட்டில் ஆண்டு முழுக்க நிற்பது சுமார் 1,500 மீற்றருக்கு மேலேதான். நுவரெலியா, அம்பேவல, பட்டிப்பொல, அக்கரப்பத்தனைப் பக்கத்து மேல் டிவிசன்கள் சரி. ஹட்டனும் தலவாக்கலையும் 1,200, 1,300 மீற்றர்தான். அங்கே குளம் வெட்டி ட்ரவுட் விடலாமா என்று கேட்பவர்களிடம் கெண்டை விடுங்கள் என்றுதான் சொல்வேன். காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் தூண்டில் போடுங்கள், ட்ரவுட்டை அங்கே தேட வேண்டாம்.

அனுமதியைப் பாருங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள ஓடையில் ட்ரவுட் இருப்பது ஊரறிந்த விஷயம். அதற்காக அங்கே தூண்டிலும் கொண்டு போகக் கூடாது, குஞ்சும் விடக் கூடாது. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் முட்டையைக் கப்பலேற்றிக் கொண்டு வந்து தொடங்கி வைத்த வேலை இது. அந்தச் சமவெளிக்கே உரிய சிறு இறால் இனம் ஒன்றை ட்ரவுட் தின்கிறது என்பது ஆய்வாளர்களின் முறைப்பாடு, அது நியாயமானதும்கூட. மற்ற ஓடைகளுக்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். குளம் வைத்து வளர்ப்பதற்கு 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். நன்னீர் மீன்வளர்ப்பைப் பார்க்கும் அரச அதிகாரசபையான நெக்டாவின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் முதலில் பேசிவிடுங்கள். பின்னால் குஞ்சு செத்தாலும் அவரைத்தான் தேடப் போகிறீர்கள்.

## அறிகுறி 1: மீன் தெரிகிறது, கொத்தவில்லை

### காலையில் கொத்துகிறது, பகலில் இல்லை

வெப்பமானியை நிழலில், தண்ணீர் ஓடும் இடத்தில், முழங்கை ஆழத்தில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். வெயில் படும் கரையோரத்தில் வைத்தால் அது பொய் சொல்லும்.

16க்குள் என்றால் தண்ணீரில் குறையில்லை, அடுத்த தலைப்புக்குப் போங்கள். 17 முதல் 19 என்றால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை போடுங்கள். அதற்குப் பிறகு மரநிழல் விழும் மடு, அருவியின் அடி, குளிர்ந்த ஊற்று வந்து சேரும் வாய் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். 20 அல்லது அதற்கு மேல் என்றால் தடியை மடக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்தச் சூட்டில் இழுபட்ட மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது.

ஜனவரி, பெப்ரவரியில் இதற்கு நேர்மாறு. துகள்பனி கொட்டிய காலையில் ஆழமற்ற ஓடை 8 பாகைக்கும் கீழே போய்விடும். மீன் கல்லடியில் மரத்துப்போய்க் கிடக்கும். பதினொரு மணி வெயில் ஏறிய பிறகு போங்கள். விடியற்காலைதான் நல்ல நேரம் என்று யாரோ சொன்னதை எல்லா மாதத்துக்கும் பிடித்துக்கொள்பவர்கள் பனியில் நின்று சளிதான் பிடிக்கிறார்கள்.

### எந்நேரமும் இல்லை

முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். மார்ச்சில் தண்ணீர் குறைந்து கண்ணாடியாக இருக்கும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், ஆகவே மேல்பக்கமிருந்து இறங்கி வருபவரை அது முதலிலேயே பார்த்துவிடும். கீழ்ப்பக்கமிருந்து ஏறி வாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் மடுவில் விழும். புற்கரையில் திம் திம்மென்று மிதித்தால் மீனுக்குத் தெரியும்.

சோதனை சுலபம். தூண்டில் போடாமல் கரையில் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். அதற்குள் மீன் மேலெழுந்து எதையாவது பொறுக்கத் தொடங்கினால் தொந்தரவு நீங்கள்தான். தூண்டிலில் குறையில்லை. (அட்டை கடிக்கும். அசையக் கூடாது.)

அசையாமல் இருந்தும் பயனில்லையா? தூண்டில் நூலான தங்கூசியைப் பாருங்கள். நீர்த்தேக்கத்துக் கெண்டைக்குப் போடும் தடித்த தங்கூசி தெளிந்த ஓடையில் கயிறு போலத் தெரியும். 0.16 முதல் 0.20 மில்லிமீற்றர் போதும்.

அதுவும் சரியென்றால் மீன் என்ன தின்கிறது என்று பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஓடும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். மூன்று வால் நூலோடு தட்டையான பூச்சிக் குஞ்சுகள் சரசரவென்று ஓரத்துக்கு ஓடும். அரிசிமணி அளவில், மணலையும் தூளையும் ஒட்டிக் கட்டிய குழாய்க் கூடுகள் கல்லோடு ஒட்டியிருக்கும். கூட்டை நசுக்கினால் உள்ளே வெளிறிய புழு ஒன்று இருக்கும். மீன் அதைத் தின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் விரல் தடிமன் மண்புழுவை, அதாவது நாக்குப்பூச்சியைத் தொங்கவிட்டால் அது திரும்பியும் பார்க்காது. சின்ன முள்ளுக்கு மாறுங்கள். நாக்குப்பூச்சிதான் போடுவதென்றால் நுனியைக் கிள்ளிப் போடுங்கள். ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய போலி இரை) போடத் தெரிந்தவர்கள் கல்லடியில் பார்த்த நிறத்திலும் அளவிலும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பல கற்களைப் புரட்டியும் பூச்சியே இல்லையென்றால் தூண்டிலை விட்டுவிட்டு அறிகுறி 7க்குப் போங்கள். அது வேறு கதை.

### பக்கத்து ஆளுக்குக் கிடைக்கிறது, எனக்கு இல்லை

இரை மீனின் மூக்கு மட்டத்துக்குப் போகவில்லை. ஒரு சிறு ஈயக் குண்டு கூட்டுங்கள். பிறகு மேலே மிதந்து வரும் நுரைக் குமிழைப் பாருங்கள். உங்கள் தங்கூசி குமிழைவிட வேகமாக நகர்ந்தால் நீரோட்டம் இரையை இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். தடியை உயர்த்தி, தண்ணீரில் படும் தங்கூசியைக் குறையுங்கள்.

புதிதாகக் குஞ்சோ வளர்ந்த மீனோ விட்ட ஓடை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். தீனி உருண்டை தின்று வளர்ந்த மீனுக்கு ஓடைத் தீனி பழக நேரம் வேண்டும்.

இந்த அறிகுறிக்கு யாரையும் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டியதில்லை.

## அறிகுறி 2: தண்ணீர் நிறம் மாறி வருகிறது

வெள்ளைக் கோப்பையில் மொண்டு பாருங்கள். ஓடையில் நின்று பார்த்தால் எல்லாமே கலங்கலாகத்தான் தெரியும்.

பிளேன்டீ நிறம், ஆனால் கோப்பையின் அடி தெரிகிறது. மேலேயுள்ள புல்வெளியின் மக்கிய மண்ணிலிருந்து வரும் சாயம். கெடுதல் இல்லை. தாராளமாகத் தூண்டில் போடலாம்.

செம்மண் நிறம். கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். அடியில் மண் படிந்து மேலே தெளிந்தால், மாலை இடிமழை கழுவிக்கொண்டு வந்தது. மார்ச் ஏப்ரலில் பகல் பன்னிரண்டுக்கு மேல் மேகம் கட்டி இரண்டு, மூன்று மணிக்குக் கொட்டுவது வழக்கம். இரவோடு ஓடை இறங்கும். முழங்கால் ஆழத்தில் உங்கள் பாதம் மங்கலாகத் தெரியும் நேரம் வந்ததும் போங்கள். நாக்குப்பூச்சியைக் கரையோரமாக உருட்டி விடுங்கள். சொல்லப்போனால் வருடத்தில் பெரிய மீன் ஏமாறுவது அந்த ஓரிரு மணி நேரத்தில்தான்.

மழையே பெய்யவில்லை, செம்மண் வருகிறது என்றால் மேலே யாரோ கான் (வடிகால்) வெட்டுகிறார்கள், பாதை அறுக்கிறார்கள், அல்லது மரக்கறித் தோட்டத்தைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள். ஓடையோடு ஏறிப் போய்ப் பாருங்கள். வெட்டிய மண்ணுக்கும் ஓடைக்கும் நடுவே புல்வரிசை விடச் சொல்லிப் பேசுங்கள். கேட்கவில்லையென்றால் தோட்ட நிர்வாகம், அதற்குப் பிறகு பிரதேச சபை.

வெள்ளை நுரை. இயற்கை நுரை பழுப்பாக இருக்கும், மண் வாசம் அடிக்கும். சவர்க்கார நுரை வெள்ளையாக இருக்கும், மல்லிகைப்பூ வாசம் அடிக்கும். துணி துவைக்கும் பீலிக்கு (தண்ணீர்த் தாரை விழும் இடம்) மேலே போய்த் தூண்டில் போடுங்கள்.

பச்சை. ஓடும் ஓடையில் இது வராது. குளத்தில் வந்தால் உரம் கழுவி இறங்கியிருக்கிறது. அறிகுறி 5ஐப் பாருங்கள்.

### உடனே கரையேற வேண்டிய மூன்று தருணங்கள்

இடி கேட்டவுடன் தடியைக் கீழே வையுங்கள். கார்பன் தடி மின்சாரம் கடத்தும். தலவாக்கலை, லக்சபான பக்கம் அணைக்குக் கீழே நிற்பவர்கள் சைரன் கேட்டால் சாமானைப் பொறுக்காமல் மேலே ஏறுங்கள். வான்கதவு திறக்கப் போகிறார்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. பெருமழைக்குப் பிறகு ஓடை திடீரென வற்றினால் மேலே மண் சரிந்து அடைத்திருக்கலாம். மீன் துள்ளிக்கொண்டு கிடக்கிறதே என்று பொறுக்க இறங்காதீர்கள். அந்த அடைப்பு உடையும். கரையிலுள்ள லயத்து வீடுகளுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு மேட்டுக்குப் போங்கள், அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

## அறிகுறி 3: கொத்திவிட்டுத் தப்புகிறது, அல்லது தங்கூசி அறுகிறது

முள்ளின் நுனியைப் பெருவிரல் நகத்தில் சாய்த்து இழுங்கள். வழுக்கினால் மொட்டை. கீறி நின்றால் கூர். மொட்டையைத் தீட்டுங்கள், மலிவு முள் என்றால் எறியுங்கள்.

அறுந்தால் அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. அடுத்த முறை எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள், காய்ந்த தங்கூசியை இறுக்கினால் சூட்டிலேயே பலம் போய்விடும். நுனி நார் நாராக இருந்தால் கல்லில் உரசியது. கடைசி இரண்டு அடியை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரப்பு வரை வெட்டி எறியுங்கள். எங்கே பிடித்து இழுத்தாலும் பட்டென்று அறுந்தால் தங்கூசிக்கு வயதாகிவிட்டது, கடையின் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததாக இருக்கும். புதிது வாங்குங்கள்.

மூன்றும் சரியாக இருந்து பெரிய மீன் மட்டும் அறுத்துக்கொண்டு போனால் ரீல் பிரேக் இறுக்கமாக இருக்கிறது. தளர்த்தியும் வழுக்கவில்லையென்றால் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. ரீலைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களாகத் திறந்தால் ஸ்பிரிங் புல்லுக்குள் பறந்துவிடும்.

## அறிகுறி 4: விட்ட அன்றே, மறுநாளே குஞ்சு சாகிறது

### பையைத் திறக்கும்போதே செத்திருக்கிறது

பயணத்தில் சூடேறியிருக்கிறது, அல்லது வயிறு நிறையத் தின்ற குஞ்சை அடைத்திருக்கிறார்கள். குஞ்சு கொடுப்பவரிடம் முதல் நாள் முழுவதும் தீனி போடாதீர்கள் என்று சொல்லிவையுங்கள். பட்டினி போட்ட குஞ்சு பையில் கழிவு போடாது. பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஒட்சிசன். பை மேல் ஐஸ் கட்டியை நேராக வைக்காமல் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். விடியுமுன் புறப்படுங்கள். ஏப்ரல் சீசன் நெரிசலில் ரம்பொடை வளைவுகளில் பகல் நேரத்தில் மாட்டிக்கொண்ட வேனில் குஞ்சு பிழைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

### பையில் உயிரோடு இருந்தது, தண்ணீரில் விட்ட பிறகு சாகிறது

பைத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் இரண்டிலும் வெப்பமானி வையுங்கள். வித்தியாசம் 2, 3 பாகைக்கு மேல் இருந்தால் அதுதான் காரணம். பையைக் கட்டு அவிழ்க்காமல் குளத்தில் 20, 30 நிமிடம் மிதக்க விட்டு, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும்.

இங்கே பலரும் ஒன்றைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பையைத் திறந்து வைத்துக்கொண்டு, குவளை குவளையாகக் குளத்துத் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் "பழக்குகிறார்கள்". குறுந்தூரப் பயணத்துக்கு அது பரவாயில்லை. பல மணி நேரம் அடைத்து வந்த பையில் குஞ்சு விட்ட மூச்சு தண்ணீரைப் புளிக்க வைத்திருக்கும். அந்தப் புளிப்பு இருக்கும்வரை பையிலுள்ள அமோனியா அவ்வளவாகக் கடிக்காது. கட்டை அவிழ்த்துக் காற்றுப் பட்டதும் புளிப்பு இறங்கும், அமோனியா விஷமாகும். ஆகவே நீண்ட பயணம் என்றால் மூடியபடியே சூட்டைச் சமப்படுத்துங்கள், திறந்ததும் ஓரிரு குவளை கலந்து, வலையால் குஞ்சை மட்டும் எடுத்துக் குளத்தில் விடுங்கள். பைத் தண்ணீரைக் குளத்தில் கொட்ட வேண்டாம், மேட்டில் ஊற்றுங்கள்.

### சூடும் சரி, பழக்கியதும் சரி, இன்னும் சாகிறது

குழாய்த் தண்ணீரா? டவுன் குழாயில் குளோரீன் இருக்கும். ட்ரவுட்டின் செவுள் அதைத் தாங்காது. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள், அல்லது ஊற்றுத் தண்ணீருக்கு மாறுங்கள்.

புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியா? பச்சைச் சீமெந்து தண்ணீரைக் காரமாக்கும். நிரப்புவது, சில நாள் வைப்பது, கொட்டுவது என்று பல தடவை கழுவாமல் குஞ்சு விடக் கூடாது. அமிலகாரத் தாள் (pH தாள்) வாங்கிப் பாருங்கள், 6.5 முதல் 8 வரை நிற்க வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் இரண்டாம் தொகுதிக் குஞ்சு வாங்காதீர்கள். வாளியில் ஓடைத் தண்ணீர் எடுத்து நாலைந்து குஞ்சை மட்டும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அதுவும் செத்தால் விரிவாக்க உத்தியோகத்தரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

## அறிகுறி 5: மேலே வந்து வாயைப் பிளக்கிறது

ஒட்சிசன் போதவில்லை. மலையில் இது கீழ்நாட்டைவிடச் சீக்கிரம் வரும், காற்று மெல்லியதாக இருப்பதே காரணம். 15 பாகைத் தண்ணீரில் கடல் மட்டத்தில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும் என்றால் நுவரெலியா உயரத்தில் 8 அளவுதான் கரையும். ட்ரவுட்டுக்கு 6க்குக் கீழே போகக் கூடாது. இடைவெளி அவ்வளவு சின்னது.

எப்போது பிளக்கிறது? விடியற்காலையில் மட்டும் என்றால் குளத்தில் பாசி மிஞ்சிவிட்டது. பகலில் ஒட்சிசன் விடும் பாசி இரவெல்லாம் அதை இழுத்துக்கொள்ளும். பாசியை வாரி எடுங்கள், உரம் இறங்கும் கானைத் திருப்பி விடுங்கள். நடுப்பகலில் என்றால் சூடு. மேலே நிழல் வலை கட்டுங்கள். தீனி போட்ட பிறகு என்றால் தீனி அதிகம். 12 முதல் 15 பாகையில் வளர்ந்த மீனுக்கு நாளுக்கு உடல் எடையில் ஒன்று, இரண்டு வீதம் போதும். 20ஐத் தாண்டினால் தீனியே போடாதீர்கள். கோழித்தீனி மிச்சமிருக்கிறது என்று கொட்டுவதை நிறுத்துங்கள், ட்ரவுட் தீனியில் 40 வீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். கோழித்தீனி அடியில் அழுகித்தான் போகும்.

உடனடி வைத்தியம்: வரும் குழாயை உயர்த்திப் பிடியுங்கள். தண்ணீர் ஒரு தகரத்தில் விழுந்து சிதறிக் குளத்தில் இறங்கட்டும். ஒரு சதம் செலவில்லை.

பிறகு குளத்துக்கு வரும் நீர்வரத்தை அளவெடுங்கள். 20 லீற்றர் வாளியைக் குழாய்க்கடியில் பிடியுங்கள். 20 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு ஒரு லீற்றர். ஆண்டுக்கு 100 கிலோ மீன் வளர்க்க அந்த அளவு வரத்து வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. மார்ச் மாதக் குறைந்த வரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது அளந்துவிட்டுக் குஞ்சு வாங்கியவர்கள்தான் மார்ச்சில் எனக்குப் போன் போடுகிறார்கள்.

வரத்துக்கு மேல் மீன் இருந்தால் பாதியைப் பிடித்துச் சாப்பிடுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் காற்றுப் பம்ப் வாங்க வேண்டும். மின்சாரம் போகும் தோட்டத்தில் அதற்கு ஒரு பட்டரியும் சேர்த்து வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் பலருக்குச் சாப்பிட மனம் வந்துவிடுகிறது.

## அறிகுறி 6: மேலில் வெள்ளைப் பஞ்சு, அரித்த வால், கறுத்த மேனி

பஞ்சு என்றால் பூஞ்சணம். அது காயத்தில்தான் ஏறும். முதலில் காயம் எதனால் என்று பாருங்கள். கரடுமுரடான வலையில் அள்ளினீர்களா, காய்ந்த கையால் பிடித்தீர்களா, குளத்தில் மீன் நெருக்கமா? அதைத் திருத்தாமல் மருந்து போட்டால் மருந்துக்குத்தான் செலவு.

கல் உப்பு வைத்தியம்: 10 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் உப்பு, தனி வாளியில். பாதிக்கப்பட்ட மீனை 20 நிமிடம் வரை விடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் அந்த நொடியே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். பச்சைச் சாய மருந்து ஒன்றை யாராவது பரிந்துரைப்பார்கள், மலக்கைட் கிரீன் என்று பெயர். தின்னும் மீனுக்கு அது ஆகாது.

ஒரு மீன் மட்டும் கறுத்து ஒதுங்கி நின்றால் தூக்கிவிடுங்கள். பல மீன் கறுத்தால், கண் பிதுங்கினால், செவுள் வெளிறினால், ஒரே இடத்தில் சுழன்று நீந்தினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத தொற்றாக இருக்கலாம். சாகப்போகும் நிலையிலுள்ள மீன் ஒன்றை ஒட்சிசன் பையில் உயிரோடு உத்தியோகத்தரிடமோ மிருக வைத்தியரிடமோ கொண்டு போங்கள். அழுகிய மீனில் அவர்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் குளத்து மீனையோ வலையையோ வாளியையோ வேறு ஓடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

## அறிகுறி 7: பெரிதும் சிறிதும் ஒரேயடியாகச் சாகிறது

நோய் நாளுக்கு நாள் கூடும். விஷம் ஒரு பொழுதில் முடித்துவிடும். நண்டும் தவளைக்குஞ்சும் சேர்ந்து செத்திருந்தால், கல்லைப் புரட்டினால் பூச்சி இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம்.

மேலே யார் மருந்தடித்தார்கள் என்று விசாரியுங்கள். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவாத் தோட்டங்களில் பூச்சி மருந்து. தேயிலை மலையில் செப்பு மருந்து. இலையில் கொப்புளம் போடும் பூஞ்சண நோயான கொப்புள நோய் 1946இல் நம் தேயிலைக்கு வந்ததிலிருந்து செப்பு அடிப்பது வழமையாகிவிட்டது. மழையும் மூட்டமும் கூடும் காலத்தில் அடிப்பும் கூடும். நம் மலை ஓடைத் தண்ணீர் மென்னீர், சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் செப்பு மீனைப் பல மடங்கு கடுமையாகத் தாக்கும். கீழ்நாட்டில் யாரோ தாங்கும் என்று சொன்ன அளவு இங்கே பொருந்தாது.

நான் பார்த்தவரை மலையில் அடித்த மருந்தைவிட, அடித்து முடித்து மருந்துத் தாங்கியை ஓடையில் கழுவுவதுதான் பெரும்பாலும் மீனைத் தீர்க்கிறது. இதற்கு வழக்கும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம், "ஐயா, கழுவறத மேட்டுல வச்சுக்கலாங்களா, பீலித் தண்ணியும் இதுலதானே வருது" என்று கேளுங்கள். மீனுக்காகக் கேட்டால் சிரிப்பார்கள். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் என்றால் கேட்பார்கள். அது உண்மையும்கூட.

செத்தவுடன் செய்ய வேண்டியது வரிசையாக: குளத்துக்கு வரும் வாயை அடையுங்கள். கீழே இந்தத் தண்ணீரைக் குடிக்க எடுப்பவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். சுத்தமான போத்தல் ஒன்றில் காற்று இல்லாமல் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, நேரமும் இடமும் எழுதி ஐஸில் வையுங்கள். இப்போதே பிடியுங்கள், நாளை வரும் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். செத்த மீன் இரண்டை அலுமினியத் தாளில் சுற்றித் தனியாக ஐஸில் வையுங்கள். படம் எடுங்கள். மீனைத் தின்னாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.

இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. குடிநீர் சம்பந்தப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மற்றபடி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம். போத்தலும் நேரமும் கையில் இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும்.

## அறிகுறி 8: பிணமும் இல்லை, மீனும் இல்லை

முதலில் வெளியேறும் வாயிலுள்ள கம்பி வலையைத் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் ஓட்டை இருந்தால் குஞ்சு போய்விட்டது. சருகு அடைத்துத் தண்ணீர் வலைக்கு மேலால் வழிந்த தடம் இருந்தாலும் அப்படித்தான். இடிமழை நாட்களில் மாலையில் ஒரு தரம் சருகு வாருங்கள்.

வலை சரியென்றால் கரையைப் பாருங்கள். கல் மேல் செதிலும் நண்டோடும் கலந்த, மீன் நாற்றமடிக்கும் எச்சம் கிடந்தால் நீர்நாய். வெள்ளை எச்சம் தெறித்திருந்தால் நீர்க்காகம், கொக்கு. பறவைக்கு மேலே தங்கூசியை ஒரு முழ இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். நீர்நாய்க்குக் குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். செலவுதான். கண்ணி வைக்காதீர்கள், மின்கம்பி இழுக்காதீர்கள். நீர்நாய் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்தக் கண்ணியில் சிறுத்தை மாட்டிய செய்தி மலையகத்துக்குப் புதிதும் இல்லை. தொல்லை தாங்கவில்லையென்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

செதிலும் இல்லை, எச்சமும் இல்லை, வெற்றிலைத் துப்பலும் பீடித் துண்டும் கிடக்கிறது என்றால் அந்தத் திருடனுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

கடைசியாகக் குளத்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒரு குச்சியை நட்டு மட்டத்தில் கோடு போட்டு, வரும் வாயையும் போகும் வாயையும் இரவு அடைத்து வையுங்கள். காலையில் விரற்கடை அளவு இறங்கினால் பரவாயில்லை. சாண் கணக்கில் இறங்கினால் கட்டு ஒழுகுகிறது. நண்டு வளை என்றால் களிமண் திணித்து அடைக்கலாம். கட்டின் வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால், கலங்கல் தண்ணீர் ஊறினால், குளத்துக்கு மேலேயோ கீழேயோ தரையில் புது வெடிப்புத் தெரிந்தால் மீனை மறந்துவிடுங்கள். குளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியுங்கள், கீழ் லயத்துக்காரர்களுக்குச் சொல்லுங்கள், கிராம உத்தியோகத்தர் மூலம் மண்சரிவு ஆபத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தை வரவழையுங்கள். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தக் குளத்தில் திரும்பத் தண்ணீர் கட்டக் கூடாது.